பத்துத் தலைமுறை, ஒரே காணி: சிம்ஸ் 4இல் வம்சச் சவால் தொடங்கும் முன்

சிம்ஸ் 4 என்ற கணினி ஆட்டத்தில், சிம் எனப்படும் பாத்திரங்களின் ஒரே குடும்பத்தைப் பத்துத் தலைமுறைக்கு நடத்துவதுதான் வம்சச் சவால். அது பெரும்பாலும் மூன்றாம், நான்காம் தலைமுறையில்தான் படுத்துவிடும். ஒரு வீட்டுக்கு எட்டுப் பேர்தான் என்பதால், அது நிரம்பி அடுத்த வாரிசுக்கு இடமில்லாமல் போகும். இல்லாவிட்டால் பின்னேர இடிக்குக் கரண்ட் போய் சேவ் கோப்பு கெடும். இரண்டையும் முதல் நாளிலேயே தடுக்கலாம். ஒரு சி.ஆர். கொப்பியும் பேனையும் பக்கத்தில் இருக்கட்டும்.

அடிப்படை ஆட்டம் 2022 ஒக்டோபரிலிருந்து இலவசம்; இந்தச் சவாலுக்கு அதுவே போதும். மூலச் சிம், அதாவது வம்சத்தைத் தொடங்குபவர், கலியாணம் ஆகாத ஓர் இளையவர் (ஆட்டத்தில் ‘யங் அடல்ட்’ வயதுக் கட்டம்). குடும்பம் பத்துத் தலைமுறைக்கும் அதே காணியில் இருக்க வேண்டும், கையில் தொடக்கப் பணம் 1,800 சிமோலியன் (ஆட்டத்தின் நாணயம்). ஆட்டத்தின் நியூகிரஸ்ட் என்ற ஊரில் 15 காணியும் வெறுங்காணி என்பதால் அங்கே பெரியதாக ஒன்றைப் பிடியுங்கள். காணி வாங்கியபின் கண்ட்ரோல், ஷிப்ட், சி மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் ‘மனி’ என்ற ஆங்கிலச் சொல்லையும் ஓர் இடைவெளி விட்டு 1800ஐயும் தட்டினால் பணம் சரியாகிவிடும். அதோடு இப்படியான சீட் (குறுக்குவழிக் கட்டளை) நிறுத்தம்.

1,800க்கு வீடு கட்ட நினைத்தால் கட்டிலுக்குக் காசு மிஞ்சாது. முதலில் கட்டில், கழிவறை, மலிவான குளிர்சாதனப் பெட்டி, சுவர் பிறகு. சீசன்ஸ் என்ற மேலதிகப் பொதி இல்லாவிட்டால் மழையே பெய்யாது, வெட்டவெளியில் தாராளமாகத் தூங்கலாம். குளிக்க உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகலாம். காசு சேர்ந்ததும் தோட்டத்து லயன் (வரிசை வீடு) கணக்கில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு, பின்னால் குசினி என்று நீட்டிக்கொண்டே போங்கள். நடுக்காணியில் தொடங்காதீர்கள், ஒரு மூலையில் தொடங்குங்கள். ஐந்தாம் தலைமுறையில் பெரிய வீடு கட்டும்போது பழைய காம்பராவை இடிக்க வேண்டியிராது.

அடுத்தது நேரக் கணக்கு. சாதாரண வேகத்தில் சிம்மின் ஒரு நிமிடம் நமக்கு ஒரு விநாடி. அப்படியானால் சிம்மின் ஒரு நாள் நமக்கு 24 நிமிடம். தலைமுறைக்கு 35 நாள் என்று வைத்தால் பத்துக்கு 350 நாள், அதாவது 140 மணித்தியாலம். வேகத்தைக் கூட்டினால் குறையும், ஆனால் கட்டுமான நேரம் அதைத் தின்றுவிடும். ஆகவே ஆயுளை ‘நீண்ட’ நிலைக்கு மாற்றாதீர்கள். சோர்ந்துபோவீர்கள்.

எட்டுப் பேர் கணக்கைக் கொப்பியில் போட்டுப் பாருங்கள்: தாத்தா பாட்டி இருவர், வாரிசும் துணையும் இருவர், பிள்ளைகள் நால்வர். எட்டும் முடிந்தது. வாரிசின் அண்ணன் தம்பி ஒருவர் கூட இருந்தாலே ஒரு பிள்ளைக்கு இடம் போய்விடும், ஏனென்றால் எட்டு நிறைந்த வீட்டில் ஆட்டம் கர்ப்பத்தை அனுமதிக்காது. வாரிசு இளையவராகும் நாளிலேயே மற்றவர்களைக் குடும்ப நிர்வாகத் திரையில் தனி வீட்டுக்கு மாற்றிவிடுங்கள். கர்ப்பம் மூன்று நாள். முதியவளான பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது. பெண் வாரிசென்றால் இளமையிலேயே முதல் பிள்ளையைப் பெற்றுவிடுவது நல்லது.

விளையாடும் சிம்களின் வயது அமைப்பில் ‘தற்போதைய குடும்பம் மட்டும்’ என்பதைத் தெரிவுசெய்தால், வெளியே அனுப்பிய தம்பி பத்தாம் தலைமுறையிலும் இளந்தாரியாகவே திரிவான். ‘ஆம்’ என்று வையுங்கள்.

வாரிசைத் தெரிவுசெய்யும் சட்டத்தையும் முதல் பிள்ளை பிறக்கும் முன்பே எழுதிவிடுங்கள்: மூத்ததா, கடைக்குட்டியா, சீட்டுக் குலுக்கலா, ஆணா பெண்ணா பார்ப்பதா, பார்க்காமல் விடுவதா, தத்துப்பிள்ளைக்கு உரிமை உண்டா. பிள்ளை முகத்தைப் பார்த்தபின் எழுதினால் சட்டம் வளைந்துவிடும். நம் வழக்கப்படி தகப்பன் பெயரை முதலெழுத்தாக வைத்தால் தலைமுறைக்கு ஒரு பெயர் மாறி, குடும்பப் பட்டியலில் யார் யாரென்று தேட முடியாது. கடைசிப் பெயர் இடத்தில் ஒரு வீட்டுப் பெயரை வைத்து, கலியாணத்தின்போது அதையே தெரிவுசெய்யுங்கள். மாமன் மகளைக் கட்ட மட்டும் ஆட்டம் விடாது. நெருங்கிய சொந்தத்துக்குள் காதல் தெரிவே வராது.

தலைமுறைக்கு ஒரு கருப்பொருள் வேண்டுமென்றால் நம் கதையையே வைக்கலாம். இலங்கை மலையகத்தில் நம்மவர் வந்து குடியேறிய தொடக்கமாக 1823ஐக் கொண்டு 2023இல் 200 ஆண்டு நினைவுகூர்ந்தோம். அதைப் பத்தால் பிரித்தால் தலைமுறைக்கு 20 ஆண்டு. மூன்றாம் தலைமுறை 1863இலிருந்து 1883 வரை. 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை வந்தது, 1869இல் கோப்பிக்கு இலைநோய் பிடித்தது. ஆகவே அந்தத் தலைமுறையின் நடுவில் தோட்டத்துச் செடி முழுவதையும் பிடுங்கி, வேறொரு வகையை விதையிலிருந்து தொடங்க வேண்டும். ஏழாவது, நம்மவரின் குடியுரிமையைப் பறித்த 1948இன் சட்டக் காலம். அதில் யாரும் எந்த வேலைத்துறையிலும் சேரக்கூடாது, ஓவியம், மீன்பிடி, தோட்ட விளைச்சல் விற்ற காசில்தான் சீவியம்.

எட்டாவதுதான் கடினம். நம்மவரை இரு நாடும் பங்கிட்ட 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே. அதாவது ஏழுக்கு நான்கு. எட்டுப் பேர் வீட்டில் ஐந்து பேர் போக, மூவர் நிற்பார்கள். பெயர்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிக் குலுக்குங்கள். வாரிசின் பெயர் போகிற பக்கம் வந்தால் அடுத்த பிள்ளைக்கு உரிமை. இரண்டு பக்கத்திலும் இளையவரோ அவரிலும் மூத்தவரோ ஒருவர் வேண்டும், சிறுவர்கள் மட்டும் உள்ள வீட்டை ஆட்டம் ஏற்காது. அப்படி விழுந்தால் திரும்பக் குலுக்குங்கள். போனவர்களை வேறு உலகில் குடியேற்றி, அந்த வீட்டுக்கு மட்டும் அயலகக் கதைகளை (நாம் விளையாடாத வீடுகளின் வாழ்வை ஆட்டமே நகர்த்தும் வசதி) திறந்துவிட்டு, போன் எடுக்காமல் இருங்கள். 2003இல் குடியுரிமை வழங்கும் சட்டம் வந்தது பத்தாம் தலைமுறையின் தொடக்கம். அப்போதுதான் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். திறப்பது யாரென்று உங்களுக்கே தெரியாது.

செத்தவர்களின் கல்லறைகளை விற்காதீர்கள், ஆவியை விடுவிக்காதீர்கள். குடும்ப மரத்தில் ஓட்டை விழும். ஆட்டத்தின் மரத்தை முழுதாக நம்பாமல் பிறப்பு, கலியாணம், இறப்பு மூன்றையும் கொப்பியிலும் குறியுங்கள்.

இனி சேவ். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் அதிகம், அந்த மாதங்களில் லப்டொப் பற்றரியில் விளையாடுங்கள். ஒவ்வொரு வாரிசும் பொறுப்பேற்கும் நாளில் ‘சேவ் அஸ்’ கொடுத்து, தலைமுறை இலக்கத்தோடு புதிய பெயர் வையுங்கள். தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்தி, தலைமுறை முடிந்தபின் இரவு நேர டேட்டாவில் இறக்குங்கள். நடுவில் இறங்கினால் மொட்கள் (ரசிகர்கள் செய்த மேலதிகக் கோப்புகள்) உடையும். கோப்பு கெட்டுவிட்டால் பதறாமல் டொக்யுமென்ட்ஸ் கோப்புறையில் எலக்ட்ரோனிக் ஆர்ட்ஸ், அதற்குள் சிம்ஸ் 4, அதற்குள் ‘சேவ்ஸ்’ என்று போங்கள். ஒவ்வொரு சேவுக்கும் ‘வெர்0’ முதல் ‘வெர்4’ வரை ஐந்து பழைய பிரதிகள் இருக்கும், 0தான் மிகப் புதியது. கெட்ட கோப்பை வேறிடத்துக்கு நகர்த்தி, வெர்0 கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் கடைசியிலுள்ள ‘.வெர்0’ பகுதியை மட்டும் அழித்துவிட்டு ஆட்டத்தைத் திறவுங்கள். அதுவும் திறக்காவிட்டால் வெர்1.