நார்வே கரையோரக் கப்பலில் குளிர்காலப் பயணம்: டிக்கெட் முதல் துருவ ஒளிப் படம் வரை

பெர்கனில் கிளம்பி, ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை போய்த் திரும்பும் கப்பல் இது. 34 துறைமுகங்கள், போக வர 12 நாள். 1893-இல் தொடங்கிய சேவை. இன்றைக்கு ஹுர்டிக்ருட்டன், ஹவிலா என இரண்டு நிறுவனங்கள் ஓட்டுகின்றன. ஊர் ஊராக நின்று சரக்கும் ஏற்றும் கப்பல் என்பதால், சொகுசுக் கப்பல் கேளிக்கைகளை எதிர்பார்க்க வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

படி 1: மாதமும் திசையும்

வடக்கு நார்வேயின் ட்ரோம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிக்காது; நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீல வெளிச்சம்தான். மலையும் தெரியணும், துருவ ஒளியும் (இரவு வானில் ஆடும் அரோரா) வேணும் என்றால் பிப்ரவரி பிற்பாதி அல்லது மார்ச். கெய்ராங்கர் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே உள்ளே நுழையும் குறுகிய கடல்) இந்தப் பருவத்தில் பாதையில் கிடையாது. பனிச்சரிவு அபாயத்தால் ட்ரோல்ஃபியோர்டுக்குள்ளும் நுழைய மாட்டார்கள்.

ஒரு வழி மட்டும்தான் முடியும் என்றால் கிர்கெனெஸிலிருந்து பெர்கனுக்கு, தெற்கு நோக்கி வாருங்கள். வடக்கே போகும்போது, மலைகளுக்கு நடுவே போகும் ராஃப்ட்சுண்ட் நீரிணை இரவில் போய்விடும். திரும்பும்போது அதே இடம் பிற்பகலில் வரும்.

படி 2: கேபின்

நடுப்பகுதி, கீழ்த்தளம். ஆட்டம் அங்கேதான் குறைவு. முன்மூக்குப் பக்கம் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்: நள்ளிரவில் ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் த்ரஸ்டர் உறுமும். ஜன்னல் இல்லாத கேபினே போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல கம்பளி உள்ளாடை வாங்கலாம். பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது.

படி 3: கரையில் இறங்குவது

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். ட்ரோம்சோ மாதிரி ஊரில் வடக்கே போகும்போது ஏறக்குறைய நாலு மணி நேரம் கிடைக்கும். பல சிற்றூர்களில் 15 நிமிடம்தான். அச்சிட்ட கால அட்டவணையை நம்பி இறங்காதீர்கள். காற்றால் கப்பல் தாமதமானால் முதலில் வெட்டப்படுவது கரையில் நிற்கும் நேரம்தான். இறங்கும் வாசலில் அன்றைய புறப்பாட்டு நேரத்தை எழுதி வைப்பார்கள். அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வெளியே போகும்போதும் வரும்போதும் உங்கள் கப்பல் அட்டையை ஸ்கேன் செய்வதால் யார் வரவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் தனியாகச் சுற்றப் போனவருக்காகக் கப்பல் நிற்காது. கப்பல் வழியாகப் பதிவு செய்த சுற்றுலா என்றால் காத்திருக்கும்.

பனியில் வழுக்காமல் இருக்க ஷூவுக்கு அடியில் மாட்டும் முள்பட்டையை நார்வேயிலேயே விளையாட்டுப் பொருள் கடையில் வாங்குங்கள். கப்பலுக்குள் நுழையும் முன் கழற்றிவிடுங்கள். இரும்புப் படியில் அதுவே வழுக்கும்.

படி 4: துருவ ஒளிப் படம்

கரையில் எடுப்பதற்குச் சொல்லும் 10, 15 விநாடி ஷட்டர் திறப்பு இங்கே உதவாது. கப்பல் நகர்வதால் நட்சத்திரமெல்லாம் கோடாகிவிடும். ட்ரைபாட் வைத்தாலும் தளத்தின் அதிர்வு ஏறிவிடும். எஃப் 2.8 அல்லது அதற்கும் அகலமாகத் திறக்கும் லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் ஒன்றிலிருந்து இரண்டு விநாடி. இருட்டில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். தூரத்துக் கரை விளக்கில் கையால் ஃபோகஸ் வைத்து, வளையத்தில் டேப் ஒட்டிவிடுங்கள். தள விளக்குக்கு மறைவான மூலை தேடுங்கள்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும்; மாற்று பேட்டரி சட்டையின் உள்பையில் இருக்கட்டும். முடித்ததும் கேமராவை வெளியிலேயே ஜிப் பையில் போட்டு இறுக மூடி, அப்புறம் உள்ளே வாருங்கள். ஒரு மணி நேரம் திறக்காதீர்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள்ளேயே நீர் கோக்கும். மெமரி கார்டை மட்டும் வெளியிலேயே எடுத்துக்கொண்டால் பொறுமை தானாக வரும்.

பின்சேர்க்கை: கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டதால். தீவுகளின் மறைவு இல்லாத இடங்கள் ஸ்டாட் முனை, ஹுஸ்டாட்விகா, பூடோவிலிருந்து லோஃபோட்டன் போகும் வெஸ்ட்ஃபியோர்ட், ஹோனிங்ஸ்வோக் தாண்டிய பாரென்ட்ஸ் கடல். மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். சைவ உணவு வேண்டுமென்பதை டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.