வீட்டுக்காரர் கேட்கப்போவது

குரோம்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடுகிறேன். டூ-லெட் பலகையைப் பார்த்து வருகிறவர்கள் முதலில் கேட்பது வாடகை. நான் முதலில் கேட்பது எத்தனை பேர் என்று. மே மாதம் போர் தண்ணீர் இறங்கிவிடும், அப்புறம் லாரிதான். ஆறு பேர் என்றால் அதற்கேற்பப் பேசிக்கொள்ளலாம். நான்கு என்று சொல்லிவிட்டு ஏழு பேர் வந்து இறங்கினால்தான் சண்டை.

வரும்போதே ஆதார், பான் நகல், ஆபீஸ் அடையாள அட்டை, மூன்று மாதச் சம்பளச் சீட்டு, போட்டோ எடுத்து வாருங்கள். சொந்தத் தொழிலென்றால் பேங்க் ஸ்டேட்மென்ட். பேச்சிலர்கள் அப்பாவின் போன் நம்பரும் தர வேண்டியிருக்கும். ஆதார் நகலின் குறுக்கே 'வாடகை வீட்டுக்கு மட்டும்' என்று எழுதித் தேதி போடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பேச்சுவாக்கில் சாதியைத் துருவுகிற வீடும் உண்டு. அங்கே மேற்கொண்டு பேசவே வேண்டாம், கிளம்பிவிடுங்கள்.

அட்வான்ஸ்தான் பெரிய விஷயம். சென்னையில் பத்து மாதம் என்பது பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்கிறது. ஆனால் இருவரும் சம்மதித்து வேறு மாதிரி எழுதிக்கொள்ளவும் அதிலேயே இடமிருக்கிறது, அதனால்தான் இன்னும் ஐந்து, ஆறு கேட்கிறார்கள். தாராளமாகப் பேரம் பேசுங்கள். நான் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். பெருந்தன்மையெல்லாம் இல்லை, காலி செய்கிற அன்று பெரிய தொகையைப் புரட்டுவது யார்? எவ்வளவானாலும் அக்கவுன்ட்டில் போடுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

அக்ரிமென்ட்டில் பெயின்டிங் பற்றிய வரியைத் தேடிப் படியுங்கள். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வோம் என்று இருக்கும். போன முறை வந்த பையன், "ஆன்ட்டி, ஒரு வருஷத்துல கிளம்பினாலும் முழுசா பிடிப்பீங்களா?" என்றான். நியாயமான கேள்வி. இரண்டு வருஷத்துக்குள் போனால் பாதி என்று பேனாவால் திருத்தி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். பதினொரு மாதம் என்று எழுதினாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் உங்கள் ஆபீஸில் ஹெச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வரிச்சலுகைக்கு வீட்டுக்காரரின் பான் எண் கேட்பார்கள். சிலர் தர முரண்டு பிடிப்பார்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

சாவி வாங்குகிற அன்று ஒவ்வொரு குழாயையும் திறந்து பாருங்கள். கரன்ட் மீட்டர் ரீடிங்கைப் போட்டோ எடுத்து, அங்கேயே நின்று வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.