தசை விறைப்பு உள்ளவர்களுக்குத் தெருவிலேயே ஒரு துணைக் குழு: தொடங்குவது எப்படி?

பக்கவாதம் வந்தவர், தண்டுவடத்தில் அடிபட்டவர், மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை எனப் பலருக்கும் கை கால் மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொள்ளும். மருத்துவமனைக்குப் போவது எப்போதாவதுதான். மற்ற நாளெல்லாம் அம்மாவோ மனைவியோ தனியாகத் தூக்கி, புரட்டி, குளிப்பாட்ட வேண்டியிருக்கிறது. அவருடைய இடுப்பு போய்விட்டால் இரண்டு பேருமே படுக்கைதான். அதனால் குழு அவரையும் சேர்த்துத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

1. ஒரே தெருவில் தொடங்குங்கள். கடலூர் முழுக்க என்று கிளம்பினால் நடக்காது. தேவனாம்பட்டினத்தில் இருந்தால் அங்கே நாலு தெரு போதும். எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் தெரியும். வீட்டாரின் சம்மதம் கேட்ட பிறகே பெயர் எழுதுங்கள்.

2. ஒரு நோயாளிக்கு மூன்று பேர். வாரத்தில் ஒரு மதியமாவது ஒருவர் வந்து உட்கார, வீட்டம்மா வெளியே போய்வரட்டும். இதை எதற்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

3. கை வைக்கும் முன் கற்றுக்கொள்ளுங்கள். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார். அவர் வரும் நாளில் மூவரும் கூட இருங்கள்.

மூடிப்போன விரல்களை வெடுக்கென்று பிரிக்கக் கூடாது, இழுக்க இழுக்க இன்னும் இறுகும். மணிக்கட்டை முதலில் உள்பக்கமாக மெல்ல மடக்குங்கள், விரல்கள் தானாகத் தளரும். அப்புறம் கட்டைவிரலின் அடிப்பகுதியைப் பிடித்து நிதானமாகத் திறந்து, உள்ளங்கையைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, நகத்தை வெட்டிவிடுங்கள். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து மட்டும் யாரையும் எழுப்பாதீர்கள், தோள்மூட்டு கெட்டுவிடும்.

4. ஒரு நோட்டு போடுங்கள். மாத்திரை, நேரம், புரட்டிப் படுக்க வைத்த நேரம். தசை விறைப்பைத் தளர்த்தும் பாக்லோஃபென் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் தீரும் முன்பே வாங்கி வைக்க ஒருவர் பொறுப்பு. அதைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். விறைப்பு ஒரே நாளில் அதிகமானால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம் ஏதாவது இருக்கிறதா பாருங்கள். மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

5. காகித வேலை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவருக்கு முதலில் அதை எடுத்துக் கொடுங்கள். மூளை முடக்குவாதம் என்றால் 1 லட்சம் ரூபாய் வரையிலான நிராமயா என்ற மருத்துவக் காப்பீடும் உண்டு.

6. ஐப்பசிக்கு முன் புயல் பட்டியல். 2011 டிசம்பர் 30 தானே புயலை நம் ஊர் மறக்காது. நடக்க முடியாதவரை எந்த வீட்டிலிருந்து, யார் இருவர், எந்த வண்டியில், எந்த முகாமுக்கு என்று எழுதி வார்டு கவுன்சிலரிடம் ஒரு பிரதி கொடுங்கள். இரண்டு வார மாத்திரை, நோட்டு, அட்டை நகல் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி, வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் மாட்டிவையுங்கள்.