எஸ்தோனியா நோமாட் விசா: சொந்தக் கம்பெனிக்காரர்கள் எடுத்துவைக்க வேண்டிய காகிதங்கள்

எஸ்தோனியா 2020 ஆகஸ்டிலிருந்து டிஜிட்டல் நோமாட் விசா தருகிறது. அதில் டி வகை (நீண்டகால விசா) கிடைத்தால் ஒரு வருடம் வரை அங்கே தங்கி நம் ஊர் வேலையைப் பார்க்கலாம். கோவையில் சின்னதாக ஒரு பிரைவேட் லிமிடெட் நடத்துகிறேன். முதலாளி என்ற வகையில்தான் விண்ணப்பித்தேன். பாஸ்போர்ட், போட்டோ, இன்சூரன்ஸ் எல்லாம் ஐரோப்பிய விசாவுக்கு வழக்கமாகக் கேட்பவைதான். அப்புறம், இ-ரெசிடென்சி கார்டு (எஸ்தோனியா வெளிநாட்டவருக்குத் தரும் டிஜிட்டல் அடையாள அட்டை) விசா ஆகாது. அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

1. கம்பெனி உங்களுடையதுதானா?

இன்கார்ப்பரேஷன் சர்டிஃபிகேட் மட்டும் போதாது, அதில் உங்கள் பெயரே இருக்காது. பங்குதாரர் பட்டியலையும் சேர்த்து வையுங்கள்.

2. வருமானம்

நான் சறுக்கியது இங்கேதான். முந்தைய 6 மாதமும் வரிக்கு முன் மாதம் 4,500 யூரோ வந்திருக்க வேண்டும். கம்பெனி கரண்ட் அக்கவுண்ட் ஸ்டேட்மெண்டைப் பெருமையாக நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் ஒரு வரியில் பேனாவை வைத்து, “இது கம்பெனிக்கு வந்தது. உங்களுக்கு எவ்வளவு வந்தது?” என்றார். என் சேமிப்புக் கணக்கிலோ, மார்ச்சில் மொத்தமாக எடுத்த ஒரே தொகை.

திரும்பி வந்து எனக்கு நானே டைரக்டர் சம்பளம் போட்டுக்கொண்டேன். மாதா மாதம் ஒரே தேதியில், ‘சேலரி’ என்ற குறிப்போடு, டிடிஎஸ் பிடித்து. ஆறு மாதம் அப்படியே ஓட்டிய பிறகுதான் மறுபடி போனேன். சம்பளச் சீட்டு, ஐடிஆர் (வருமான வரிக் கணக்கு), 26ஏஎஸ் (பிடித்த வரியைக் காட்டும் படிவம்), ஆடிட்டர் சான்றிதழ் நான்கிலும் கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஆடிட்டர் சான்றிதழில் யூடின் எண் (சான்றிதழ் உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் எண்) இல்லையென்றால் ஆடிட்டரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் காகிதங்களுக்கு மேலே ஒரு பக்க அட்டவணை வையுங்கள்: மாதம், ரூபாய், யூரோ, ஸ்டேட்மெண்டில் எந்தப் பக்கம். எனக்கு கூகுள் ஷீட்ஸ் போதும். போன் ஸ்கேன் ஆப் மட்டும் வேண்டாம், முத்திரை மங்கிவிடுகிறது. ஜெராக்ஸ் கடை ஸ்கேனரே மேல்.

3. கவர் லெட்டர்

என்ன தொழில், வாடிக்கையாளர்கள் எந்த நாட்டில், எஸ்தோனியாவிலிருந்து அதை எப்படி நடத்துவீர்கள். ஒரு பக்கம் போதும்.

பின்சேர்க்கை: கமெண்டில் ஒருவர் இனிஷியல் பிரச்சினையைக் கேட்டிருந்தார். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, வங்கிக் கணக்கில் வெறும் ‘எஸ்.’ இரண்டும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் வைக்கலாம். ஆனால் சம்பளம் போட ஆரம்பிக்கும் முன்பே வங்கியில் பெயரை மாற்றிவிட்டால், ஆறு மாத ஸ்டேட்மெண்டும் பாஸ்போர்ட் பெயரிலேயே வந்துவிடும்.