தட்டும் தொட்டிலும்: 1849 கலிஃபோர்னியா முறையில் ஆற்றுப் பொன் அரிப்பது எப்படி?

அரிசியில் கல் அரித்துப் பழகிய கைக்கு இது பாதி தெரிந்த வேலை. தண்ணீரோடு அலசிச் சாய்த்தால் அரிசி அடுத்த பாத்திரத்துக்குப் போகும், கல் அடியில் தங்கும். இங்கே நமக்கு வேண்டியது அடியில் தங்குவது. ஆற்று மணல் தண்ணீரைவிடச் சுமார் 2.6 மடங்கு கனம், கருமணல் 5 மடங்கு, சுத்தப் பொன் 19 மடங்கு. 1848 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் கொலோமா என்ற ஊரில் மர ஆலைக் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் பொன்னைப் பார்த்த பிறகு வந்து குவிந்தவர்களில் பெரும்பாலோருக்குச் சுரங்க வேலை தெரியாது. இந்தக் கன வித்தியாசம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

முதலில் இடம். ஆறு வளையும்போது உள்வளைவில் நீரின் வேகம் குறையும். கனமானதெல்லாம் அங்கே இறங்கும். பெரிய பாறைக்குக் கீழ்நீர்ப் பக்கமும் அப்படித்தான். மேல்மணலை வாரிக்கொண்டே இருப்பது வீண் உழைப்பு. அடிப்பாறை வரை தோண்டி, அதன் மேல் ஒட்டியிருக்கும் கடைசி அரை அடி மண்ணையும், பாறை வெடிப்புக்குள் இறுகிக் கிடப்பதையும் எடுக்க வேண்டும். வெடிப்பைச் சுரண்டக் கத்தியும் கரண்டியும் போதும். பலகைப் பாறை ஆற்றுக்குக் குறுக்கே செங்குத்தாக நின்றால் இன்னும் நல்லது. ஒவ்வொரு இடுக்கும் ஒரு பொறி.

தட்டு இரும்புத் தகட்டில் செய்தது, வாய் 16 முதல் 18 அங்குலம், சாய்ந்த விளிம்பு. புதுத் தட்டில் எண்ணெய்ப் பூச்சு இருக்கும். நெருப்பில் வாட்டி, நீலம் பாரித்ததும் தண்ணீரில் முக்குங்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் பொடிப்பொன் மூழ்காமல் மிதந்து வெளியே போய்விடும். அன்றைய ஆட்கள் அதே தட்டில் பன்றிக்கறியும் வறுத்தார்கள். எவ்வளவு பொன் அப்படிப் போனதோ!

முக்கால் தட்டு மண் போட்டுத் தண்ணீருக்குள் அமிழ்த்துங்கள். களிமண் கட்டிகளை விரலால் பிசைந்து முழுக்கக் கரையுங்கள். கரையாத களிமண் உருண்டை, உருளும் வழியில் பொன்னை ஒட்டிக்கொண்டு வெளியே எடுத்துப் போகும். பெரிய கற்களைக் கழுவிவிட்டு எறியுங்கள். பிறகு தட்டை மட்டமாகப் பிடித்து, நீருக்குள்ளேயே இடவலமாக வேகமாகக் குலுக்குங்கள். மண் குழம்பாக அசைந்தால்தான் பொன் அடிக்கு இறங்கும். அதன் பிறகே உங்களுக்கு எதிர்ப்பக்கமாக லேசாகச் சாய்த்து, நீரில் முக்கித் தூக்கி மேல்மண்ணை வழியவிட வேண்டும். மூன்று நான்கு முறை வழியவிட்டதும் மறுபடி மட்டமாக்கிக் குலுக்கல். புதியவர்கள் தவறுவது இங்கேதான்: குலுக்காமல் சாய்ப்பார்கள், பொன் மேல்மண்ணோடு போய்விடும்.

ஒரு கைப்பிடி கருமணல் மிஞ்சும்போது வேகம் வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் விட்டு மெதுவாகச் சுழற்றினால் கருமணல் விசிறிபோல் விரியும், பொன் அதன் வாலில் தங்கும். கை சரியாக வருகிறதா என்று பார்க்க, சின்னச் சின்ன ஈயத் துணுக்குகள் பத்தை எண்ணி மண்ணில் கலந்து அரியுங்கள். பத்தும் திரும்பி வராவிட்டால் கை இன்னும் பழகவில்லை. ஈயம் பொன்னைவிட லேசு, ஆகவே இது கடினமான சோதனைதான்.

மின்னுவதெல்லாம் பொன்னா? ஊசியால் குத்துங்கள். பொன் நசுங்கும், இரும்புக் கந்தகக் கல் நொறுங்கும், அபிரகம் செதிலாக உரியும். நிழலில் வைத்தாலும் பொன் நிறம் மாறாது.

தேர்ந்த ஆள் நாள் முழுக்கக் குனிந்து அரித்தாலும் ஐம்பது தட்டு தாண்டுவது கடினம். அதனால்தான் தொட்டில் வந்தது. மூன்று நான்கு அடி நீளப் பலகைப் பெட்டி, அடியில் தொட்டிலுக்கு இருப்பதுபோல் இரண்டு வளைகட்டைகள். மேலே அரை அங்குலத் துளைகள் கொண்ட இரும்புச் சல்லடை. அதன் கீழே பின்பக்கமாகச் சாய்த்துக் கட்டிய கித்தான். பெட்டியின் தரையில் குறுக்கே இரண்டு மூன்று தடுப்புக் கட்டைகள், முக்கால் அங்குல உயரம். பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்திருக்கட்டும். ஒருவர் மண் வெட்ட, ஒருவர் சுமக்க, ஒருவர் ஒரு கையால் ஆட்டிக்கொண்டே மறுகையால் தண்ணீர் முகந்து ஊற்றலாம்.

ஆட்டத்தை இடையில் நிறுத்தக் கூடாது. நின்றால் தடுப்புக்குப் பின்னால் மணல் இறுகிவிடும், அதன் மேல் வரும் பொன் வழுக்கிக்கொண்டு போகும். தண்ணீர் குறைந்தால் குழம்பு தடித்துப் பொடிப்பொன்னைச் சுமந்து செல்லும். ஒரேயடியாகக் கொட்டினால் அடித்துச் செல்லும். கடைவாயில் விழும் கழிவிலிருந்து அவ்வப்போது ஒரு தட்டு அரித்துப் பாருங்கள். பொன் தென்பட்டால் சாய்வைக் குறையுங்கள். கித்தானை அடிக்கடி, தடுப்புகளை நாளில் இரண்டு மூன்று முறை வாளியில் கழுவி, அந்த மண்ணைத் தட்டில் முடிக்க வேண்டும்.

காய்ந்தபின் கருமணலைக் காந்தத்தால் இழுங்கள். மீதியை வாயால் மெல்ல ஊதலாம், பலமாக ஊதினால் பொன்னும் பறக்கும். முகாம்களில் வியாபாரிகள் அவுன்ஸுக்கு 16 டாலர் அளவில் கொடுத்தார்கள், அதிகாரபூர்வ விலையோ 20.67. தூளில் மணல் இருந்தால் இன்னும் குறைப்பார்கள்.

அன்று பொடிப்பொன்னைப் பிடிக்கப் பாதரசம் ஊற்றினார்கள். அது பொன்னோடு கலந்து பசையாகும். அதை மான் தோலில் பிழிந்து, சூடாக்கி ரசத்தை ஆவியாக்கினார்கள். அந்த ஆவி நரம்பைக் கெடுக்கும் விஷம், இந்தப் படியை இன்று செய்யவே கூடாது. அவர்கள் கொட்டிய ரசம் சியரா நெவாடா மலைத்தொடரின் ஆற்றுப் படுகைகளில் இன்னும் கிடக்கிறது. தட்டில் வெள்ளி பூசியதுபோல் பொன் வந்தால் அடுப்பில் காட்டாமல், மூடியுள்ள கண்ணாடிக் குப்பியில் தண்ணீருக்கடியில் தனியே வையுங்கள்.