கிழமை பாக்காதீங்க, திதி பாருங்க: பாண்டுப் உப்பளத்துக்கும் காடிக்கும் போற வழி

மும்பைல இருக்கிற நம்மாளுங்க நிறைய பேருக்கு பூநாரை பாக்கணும்னு ஆசை இருக்கும், அதான் ஃபிளமிங்கோ, ஞாயித்துக்கிழமை லீவுன்னு காலைல எட்டு மணிக்கு புள்ளைங்கள எழுப்பி கிளப்பிட்டுப் போவாங்க, போய் நின்னா ரொம்ப தூரத்துல சேத்துக்கு நடுவுல ரோஸ் கலர்ல ஒரு கோடு மட்டும் தெரியும். எனக்கும் மொத தடவை அப்படித்தான் ஆச்சு. பறவை மேல தப்பில்ல, தண்ணி வத்தியிருந்த நேரம் அது. நான் போனது பாண்டுப் உப்பளத்துக்கும் அத ஒட்டின தாணே காடிக்கும், காடின்னா கடல் தண்ணி ஊருக்குள்ள வந்து போற உப்பங்கழி. இங்க எல்லாமே ஏத்தம் வத்தம்தான், அதாவது கடல் தண்ணி ஏறுறதும் எறங்குறதும், அத மட்டும் சரியா பிடிச்சுட்டா மத்ததெல்லாம் தானா அமையும்.

எப்படி பிடிக்கிறதுன்னா, போன்ல மும்பை டைட் டேபிள்னு போட்டா நேரம் வந்துடும், அதுதான் துல்லியம். ஆனா மாச ஆரம்பத்துலயே எந்த நாள் போகலாம்னு முடிவு பண்ண நம்ம வீட்டு சுவத்துல தொங்குற தினசரி காலண்டரே போதும். மும்பைல அமாவாசை, பௌர்ணமி அன்னிக்கு பகல் 12 மணி, 12.30 வாக்குல ஏத்தம். அடுத்தடுத்த நாள் முக்கா மணி நேரம், அம்பது நிமிஷம்னு தள்ளிக்கிட்டே போகும். பஞ்சமி வந்தா மதியம் மூணு மணி பக்கம், அஷ்டமி நவமி வந்தா காலைலயும் சாயங்காலமும் ஆறு ஏழு மணின்னு மாறிடும். ஏத்தத்துக்கு ஆறு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ வத்தம்.

பறவைங்க தண்ணி வத்துனா சேத்துல இரை தேடி உள்ளுக்குள்ள போயிடும், தண்ணி ஏற ஏற அது தள்ள தள்ள கரைய பாத்து வரும். அதனால ஏத்தத்துக்கு மூணு மணி நேரம் முன்னாடி அங்க நிக்கிற மாதிரி போங்க. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டின ரெண்டு நாள்னா காலைல 8.30ல இருந்து 10.30 வரைக்கும் அருமையான நேரம், வெயிலும் தாங்கலாம். பஞ்சமி சஷ்டில காலைல போகவே போகாதீங்க. சீசன் நவம்பர்ல இருந்து மே வரைக்கும், மார்ச் ஏப்ரல்ல கூட்டம் நிறைய இருக்கும், ஆனா தொப்பி இல்லாம போக முடியாது.

சென்ட்ரல் லைன்ல ஸ்லோ லோக்கல் பிடிச்சு பாண்டுப்ல எறங்குங்க, கிழக்குப் பக்கம் வந்து ரிக்ஷாகாரர்கிட்ட பம்பிங் ஸ்டேஷன்னு சொன்னா ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவேய தாண்டி விட்டுடுவார். ஹைவே சத்தம் அஞ்சு நிமிஷ நடைல காணாம போயிடும், ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் கண்டல் காடு, அதான் மாங்குரோவ். உப்பளத்து வரப்புல ஏறுறதுக்கு முன்னாடி அங்க வேலை செய்யுறவங்ககிட்டயோ வாட்ச்மேன்கிட்டயோ ஒரு வார்த்தை கேட்டுடுங்க, காகான்னு, அதாவது மராத்தில சித்தப்பான்னு கூப்பிட்டு கேட்டா யாரும் மொறைக்க மாட்டாங்க. பூநாரைய கிட்டத்துல பாக்கணும்னா போட்லதான் போகணும், அதுவும் தண்ணி இருந்தாத்தான் கிளம்பும். காடிக்கு அந்தப் பக்கம் நவி மும்பை ஐரோலில வனத்துறையோட சென்டர் இருக்கு, அங்கயும் போட் உண்டு, முன்னாடியே புக் பண்ணிக்கிறது நல்லது.

ஆனா பூநாரைக்கு மட்டும் போயிட்டு வந்தா பாதிதான் பாத்த மாதிரி. போன வருஷம் எங்கம்மாவ கூட்டிட்டுப் போனேன், தூத்துக்குடிக்காரங்க. வரப்போரமா செவப்பும் பச்சையுமா தரையோட தரையா ஒரு செடி, இலை ஊசி மாதிரி ஆனா தடிப்பா இருக்கு, அம்மா குனிஞ்சு ஒண்ண கிள்ளி விரல்ல நசுக்கி வாயில வச்சுட்டு, "ஏலே, இது நம்மூரு உமரில்லா, இங்க எப்படில வந்துச்சு"ன்னாங்க. உமரிக்காடுன்னு ஊர் பேரே இருக்கிற மாவட்டத்து ஆளு, அவங்களுக்குத் தெரியாதா. பாத்தி கட்டி ஏத்தத்துத் தண்ணிய உள்ள விட்டு, பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல காய வச்சு உப்பு வாருறதும் அங்க மாதிரியே இங்கயும், இங்க அதுக்கு மிட்டாகர்னு பேரு.

கண்டல் மரத்து இலைய திருப்பி வெளிச்சத்துல பாருங்க, சின்னச் சின்ன உப்புத் துகள் மின்னும், உள்ள ஏறின உப்ப மரமே இலை வழியா வெளிய தள்ளுது. அடில சேத்துக்குள்ள இருந்து பென்சில் மாதிரி குச்சி குச்சியா நிக்கிறது மூச்சு வேரு, சேத்துக்குள்ள காத்து கிடையாது அதனால வேர் மேல வந்து மூச்சு விடுது, அத மிதிக்காதீங்க. அழுகின முட்டை வாடை அடிக்கும், முழுக்க சாக்கடைன்னு நெனச்சுடாதீங்க, காத்தில்லாத சேறுன்னாலே அப்படித்தான் அடிக்கும். ரெண்டு நிமிஷம் அசையாம நின்னா வளைல இருந்து நண்டு வெளிய வரும், ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் பெருசா இருக்கும், அத ஆட்டி ஆட்டி கூப்பிடும்.

பூநாரைல ரெண்டு வகை வரும். ஒசரமா வெளுப்பா, ரோஸ் மூக்குல நுனி மட்டும் கருப்பா இருந்தா பெரிய பூநாரை, குட்டையா ரோஸ் கூடுதலா, மூக்கு முழுக்க கருஞ்செவப்பா இருந்தா சின்னது, நம்ம காடில இதுதான் அதிகம். அந்த ரோஸ் திங்கிற பாசில இருந்து வர்றது, குஞ்சுல சாம்பல் கலராத்தான் இருக்கும்.

கை தட்டி, கல்லு விட்டெறிஞ்சு, ட்ரோன் விட்டு பறக்க வைக்கிறத தயவுசெஞ்சு செய்யாதீங்க, போட்டோ நல்லா வரும்தான், ஆனா அதுங்களுக்கு திங்கக் கிடைக்கிறதே தண்ணி வத்தின அந்த சில மணி நேரம்தான். கடல்காக்கைக்கு சேவு, காட்டியா மாதிரி நொறுக்குத் தீனி போடாதீங்க. சேத்துல எறங்காதீங்க, முழங்கால் வரைக்கும் உள்ள இழுக்கும், கண்ணாடித் துண்டு வேற கெடக்கும். ஷூ, முழுக்கை சட்டை, ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணி, முடிஞ்சா ஒரு 8x42 பைனாகுலர். பாத்ரூம் வசதிய நம்பிப் போகாதீங்க, ஸ்டேஷன்லயே முடிச்சுக்குங்க.

சீக்கிரம் போங்கன்னு ஏன் சொல்றேன்னா, 2024ல காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்ட் பக்கத்து உப்பள நிலம் 255 ஏக்கருக்கு மேல தாராவி மறுசீரமைப்புக்குன்னு ஒதுக்க முடிவாச்சு, அங்க குடியேறப் போறதுல நம்ம தாராவித் தமிழ் ஜனமும் இருக்கலாம். வீடு வேணும்தான், நானும் தாராவில பொறந்தவன்தான். ஆனா 2005 ஜூலை 26ல சாந்தாகுரூஸ்ல ஒரே நாள்ல 944 மி.மீ. கொட்டுனப்போ மதியம் ஏத்தமும் சேர்ந்துக்கிச்சு, வெள்ளம் கடலுக்குப் போக வழியில்லாம ஊரே முங்குச்சு. அந்த மாதிரி நாள்ல தண்ணி வந்து தங்குறதுக்குத்தான் இந்த பள்ளமும் சேறும் இருக்கு. அத நேர்ல ஒரு தடவை பாத்துட்டுப் பேசணும்னு நெனக்கிறேன்.

பாண்டுப் தூரம்னு நெனக்கிறவங்க ஹார்பர் லைன்ல செவ்ரில எறங்கி கிழக்குப் பக்கம் இருபது நிமிஷம் நடந்தா ஜெட்டி வரும், கரைல நின்னே பாக்கலாம், அடல் சேதுவும் அங்க இருந்துதான் தொடங்குது, லாரி நடமாட்டம் ஜாஸ்தி, அமைதிய எதிர்பாக்காதீங்க.

ஏத்தம் முழுசா ஏறினா சேறு மூடிடும், காடில இருக்கிற பறவைங்கள்ல நிறைய கூட்டம் கூட்டமா எழும்பி நவி மும்பைல நெருள், சீவுட்ஸ் பக்கத்து ஈரநிலத்துக்குப் போய் நின்னுக்கும். எழும்புறப்போ றெக்கைக்கு அடில இருக்கிற செவப்பும் கருப்பும் அப்பத்தான் தெரியும், அதுவரைக்கும் இருங்க. அதுக்கப்புறம் கிளம்பிடலாம், அந்தப் பக்கம் காலி ரிக்ஷா சுலபமா கிடைக்காது, வந்த ரிக்ஷாகாரர் நம்பர வாங்கி வச்சிருந்தீங்கன்னா மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாம்.