ஆமைக் கூண்டுக்கு இரவுச் சூடு

வெளியில் வளரும் ஆமையின் கூண்டில் இரவுச் சூட்டுக்குப் பல்பு வேண்டாம். வெளிச்சம் தூக்கத்தைக் கெடுக்கும். கழன்று வைக்கோலில் விழுந்தால் தீயே பிடித்துவிடும். வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் நல்லது, ஆனால் சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டவே மாட்டாதீர்கள். அதன் சென்சாரைக் கூரையருகே விடாமல் ஆமையின் முதுகு உயரத்தில் பொருத்துங்கள். சல்காட்டா போன்ற வெப்பநாட்டு ஆமைக்கு 26, 27 டிகிரி செல்சியஸ் போதும்.

பெரிய ஆமையென்றால் இன்னும் கவனம். மேலிருந்து மட்டும் சூடு வந்தால் ஓட்டின் உச்சி கருகும், கால்கள் சில்லென்றே இருக்கும். பெரிய ஆமைக்கு, கூண்டின் காற்று முழுவதையும் சூடாக்கும் ஆயில் ரேடியேட்டர், அதாவது எண்ணெய் நிரப்பிய மின் ஹீட்டர்தான் சரி; முன்னால் கம்பித் தடுப்பு கட்டாயம். அப்புறம், ஆமை எதையும் முட்டித் தள்ளும். ஒயரைக் குழாய்க்குள் விட்டு, சுவரோடு இறுக்கிவிடுங்கள்.